எல்லைக் கிராமங்களின் வானலை யாருக்கு?

களியக்காவிளையிலிருந்து இஞ்சிவிளையைக் கடந்து பாறசாலைக்குள் நுழைகிறபோது கடைப்பலகைகளின் எழுத்து மாறுகிறது. மக்களின் பேச்சு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய தாலுகாக்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்று வரையப்பட்ட கோடு இன்று வானிலும் வரையப்பட்டிருக்கிறது. தொலைத்தொடர்பு உரிமங்கள் மாநில வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், எல்லையின் இந்தப் பக்கம் கேரள வட்டம், அந்தப் பக்கம் தமிழ்நாடு வட்டம். கைபேசி அலைக்கு எல்லைக்கல் தெரியாது. பாறசாலையில் நிற்பவரின் கருவி சிலவேளை தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அரசு அலுவலகங்களை இணைக்கும் கண்ணாடி இழை வலைகளுக்கு எல்லைக்கல் நன்றாகவே தெரியும். கேரளத்தின் கே-ஃபோனும் தமிழ்நாட்டின் டான்ஃபிநெட்டும் தத்தம் மாநில எல்லைக்குள் வகுக்கப்பட்ட திட்டங்கள். எந்த மாநிலத்தின் வரைபடத்திலும் எல்லைக் கிராமம் என்பது கோடு முடிகிற இடம்.

இணைய இணைப்பு என்பது இன்று பொழுதுபோக்கு வசதி அன்று. ரேஷன் கடையின் மின்னணு விற்பனைக் கருவி கைரேகையை ஏற்காவிட்டால் அரிசி இல்லை. கேரளத்தில் இக்கருவிகளின் மையக் கணினி முடங்கி, மாவட்டங்களைப் பிரித்து முறைவைத்துக் கடைகளைத் திறக்க வேண்டிய நிலை சில ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்டதைத் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நூறுநாள் வேலையிடங்களில் நாளுக்கு இருமுறை புகைப்படம் எடுத்துச் செயலியில் ஏற்றவேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசு கட்டாயப்படுத்தியது. காலையில் வந்து மண்சுமந்த பெண்ணின் வருகை, சிக்னல் கிடைக்காததால் பதிவாகாமல் போனால் அவர் வேலை செய்யவே இல்லை என்றாகிவிடும். பிறப்பு, இறப்புச் சான்று முதல் கட்டட அனுமதி வரை கே-ஸ்மார்ட் வழியே வழங்கும் முறை 2024 ஜனவரியில் கேரள நகராட்சிகளிலும், 2025இல் கிராம ஊராட்சிகளிலும் நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனைச் சீட்டு, சமூக நல ஓய்வூதியப் பதிவு, பள்ளியின் பாடக் காணொலி எல்லாம் ஒரே கம்பியைத் தொங்கிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கம்பி அறுகிறபோது அறுவது அரசுக்கும் உழைக்கும் மக்களுக்கும் இடையிலான உறவு.

2020 ஜூனில் இணையவழி வகுப்புகள் தொடங்கிய வேளையில், அதில் சேர வழியில்லாத தலித் மாணவி ஒருவர் மலப்புரம் மாவட்டத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 2019 செப்டம்பரில், இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் ஃபஹீமா ஷிரின் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்புக்கும் அந்த வீட்டுக்கும் இடையில் இருந்தது கடைசிச் சில கிலோமீட்டர்.

அந்தக் கடைசிச் சில கிலோமீட்டரே எல்லைக் கிராமங்களின் பிரச்சினை. பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், குன்னத்துக்கால், வெள்ளறடை என்று நீளும் இந்த நிலம் சமவெளியும் அன்று, மலையும் அன்று. மேடும் பள்ளமுமான செம்மண். மேட்டில் ரப்பர், பள்ளத்தில் வாழையும் மரவள்ளியும், எங்கும் தென்னை. வீடுகள் தெருவாக அமையாமல் தோட்டந்தோட்டமாகச் சிதறிக் கிடக்கின்றன. இங்கே ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஒவ்வொரு துணை சுகாதார மையத்துக்கும் இழைக் கேபிள் இழுப்பது செலவும் காலமும் பிடிக்கும் வேலை. மின்கம்பத்தில் தொங்கவிட்ட கேபிளை, தென்மேற்குப் பருவக்காற்றில் சாயும் ஒரு ரப்பர் மரம் அறுத்துவிடும்.

இந்த இடத்தில்தான் நிலையான கம்பியில்லா அகண்ட அலைவரிசை இணைப்பு பயன்படுகிறது. இதில் மந்திரம் ஏதுமில்லை. இழை வந்து சேர்கிற ஓரிடத்தில் கோபுரம் அமைத்து ஓர் ஆண்டெனாவைப் பொருத்துவது. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக் கூரையிலோ ஊராட்சி அலுவலகத்திலோ அதை நேர்நோக்கி மற்றொன்றைப் பொருத்துவது. கைபேசியைப் போல நகர்ந்துகொண்டே இருக்கும் ஒருவரைத் தேடிச் செல்லவேண்டிய தேவை இந்த அலைக்கு இல்லை. இரு முனைகளும் அசையாமல் நிற்பதால் ஆற்றல் முழுவதையும் ஒரே திசையில் குவிக்கலாம். உரிமம் தேவைப்படாத 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையில் சாதாரணமாகச் சந்தையில் கிடைக்கும் கருவிகளே பல கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு பள்ளியின் தேவையைப் போலப் பலமடங்கு வேகத்தைத் தரக்கூடியவை. குழி தோண்டுவதில்லை, சாலையை வெட்ட அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இரு முனைகளும் ஒன்றையொன்று பார்த்தாக வேண்டும். நடுவே நிற்கும் தென்னந்தோப்பின் ஈர ஓலை அலையை விழுங்கிவிடும். 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளைக் கனமழை பாதிக்கும். உரிமம் வேண்டாத அலை எல்லோருக்கும் பொது என்பதால், நெரிசல் கூடும்போது இரைச்சலும் கூடும். இடி விழுந்தால் கருவி எரியும். ஆகவே இது இழைக்கு மாற்று அன்று. இழை எட்டாத இடத்துக்குக் கை நீட்டுவது, இழை அறுந்த நாளில் தாங்கிப்பிடிப்பது.

இந்தத் தொழில்நுட்பத்தை முகேஷ் அம்பானி 2023இல் கண்டுபிடித்ததாக விளம்பரங்கள் பேசுகின்றன. உண்மை வேறு. 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமங்களை வானொலி அலையால் இணைத்தது. வீராம்பட்டினத்து மீனவர்கள் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் கேட்டுக் கடலுக்குச் சென்றார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையை உருவாக்கியது. அது தந்த வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்று கேட்டால் சிரிப்பு வரும். மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு 2001 முதல் இணையம் சென்றது அந்த வழியில்தான். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, சாதாரண வைஃபை கருவியின் உள்கட்டளைகளை மாற்றி எழுதி, முதலில் ஐந்து கிராமப்புறக் கண் மையங்களைத் தொலைதூர வைஃபையால் இணைத்தது. கிராமத்து முதியவர் தன் ஊர் மையத்தில் உட்கார்ந்தபடி, தேனியிலுள்ள மருத்துவரிடம் காணொலியில் கண்ணைக் காட்டினார்; பேருந்துச் செலவும் ஒருநாள் கூலி இழப்பும் மிச்சமாயின.

தேனி அனுபவத்தில் எல்லைக் கிராமங்களுக்கான பாடம் ஒன்று உண்டு. அங்கே பெரிய தொல்லை தந்தது அலை அன்று, மின்சாரம். ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளைப் பழுதாக்கியது. அடுத்த தொல்லை, பழுது பார்க்க உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆள் இல்லாதது. உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து, மின்காப்புக் கருவிகளைச் சரிசெய்த பின்னரே அந்த வலை ஆய்வாளர்களின் கையிலிருந்து மருத்துவமனையின் கைக்கு வந்தது.

கேரளத்தின் சொந்த அனுபவம் மலப்புரத்தில் இருக்கிறது. 2002 நவம்பர் 18 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த அக்ஷயா திட்டம், குடும்பத்துக்கு ஒருவரையேனும் கணினி அறிந்தவராக்கும் இலக்குடன் அம்மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. நடந்து செல்லும் தொலைவில் ஒரு மையம் என்பது திட்டம். அந்த நூற்றுக்கணக்கான மையங்களைக் கம்பியில்லா வலையால் இணைக்கும் பணி துலிப் என்னும் தனியார் நிறுவனத்திடம் தரப்பட்டது. அந்நாளில் நாடு முழுவதும் பேசப்பட்ட வலை அது. பத்தாண்டு கழிந்து, 2012இல் அந்த நிறுவனம் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் திருப்பித்தர முடியாமல் சரிந்தது. அக்ஷயா மையங்கள் இன்றும் இருக்கின்றன. மக்கள் அவற்றைத் தம்முடையதாக ஆக்கிக்கொண்டார்கள். தனியாருக்குச் சொந்தமான வலைமீது ஒரு மாவட்டத்தின் பொதுச் சேவையை நிறுத்துவதில் உள்ள ஆபத்து என்ன என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று தேவையில்லை.

இந்த வரலாற்றை வைத்தே இன்றைய நிலையைப் பார்க்கவேண்டும். 2022 ஆகஸ்டில் முடிந்த 5ஜி ஏலத்தில் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை விற்கப்பட்டது. ஜியோ மட்டும் 88,078 கோடிக்கு எடுத்தது. 2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கம்பியில்லா அகண்ட அலைவரிசை விற்பனையைத் தொடங்கின. 5ஜி வழி நிலையான இணைப்புச் சந்தை ஏறத்தாழ முழுவதும் இவ்விரு நிறுவனங்களின் கையில். உரிமம் வேண்டாத பொது அலையையும் ஜியோ இதற்காகப் பயன்படுத்துகிறது. பொதுவில் விட்ட மேய்ச்சல் நிலத்தில் யாருடைய மாடு அதிகம் மேய்கிறது என்று பார்த்தால் போதும்.

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995 பிப்ரவரியிலேயே கூறிவிட்டது. 2ஜி வழக்கில் 2012 பிப்ரவரி 2 அன்று 122 உரிமங்களை ரத்து செய்தபோது, இயற்கை வளங்கள் மக்களுக்குரியவை என்பதை மீண்டும் வலியுறுத்தியது. ஆனால் ஒன்றிய ஆட்சியாளர்கள் அதிலிருந்து கற்ற பாடம் ஏலம் விடுவது மட்டுமே. ஏலத்தில் எடுக்கப் பணம் உள்ளவன் வானத்தை வாங்குவான். மக்கள் தம் சொத்தைத் தாமே மாதவாடகைக்கு எடுப்பார்கள். பாறசாலையின் ஆரம்பப் பள்ளிக்கு இது பொருந்துமா என்று கேட்டால், பொருந்தத் தொடங்கிவிட்டது. இழை வராத அலுவலகம், வேறு வழியின்றி தனியார் இணைப்புப் பெட்டியையோ ஊழியரின் சொந்தக் கைபேசியையோ நம்பி இயங்குவது நாடெங்கும் வழக்கமாகிவருகிறது.

இதற்கு எதிரான மாற்றாகவே கே-ஃபோன் எழுந்தது. மாநில மின்வாரியமும் மாநிலத் தகவல் தொழில்நுட்ப உள்கட்டமைப்பு நிறுவனமும் இணைந்து, சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பில், மின்வாரியத்தின் கோபுரங்களையும் கம்பங்களையும் வழியாகக் கொண்டு அமைத்த வலை அது. 30,000 அரசு அலுவலகங்களை இணைப்பதும் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்புத் தருவதும் இலக்கு. 2023 ஜூன் 5 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் அதைத் தொடங்கிவைத்தார். சந்தையே எல்லாம் என்று ஒன்றிய அரசு சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மாநிலம் தன் மக்களுக்காகத் தானே இணையச் சேவை உரிமம் பெற்று நின்றது சாதாரணச் செயல் அன்று.

ஆயினும் பாராட்டோடு நிறுத்திக்கொள்வது இடதுசாரி ஏட்டின் வேலையாகாது. முதல் கட்டமாக ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 100 குடும்பங்கள் வீதம் 14,000 குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று அறிவிக்கப்பட்டது. ஓராண்டு கடந்தும் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. பாறசாலைத் தொகுதிக்கு 100, நெய்யாற்றின்கரைத் தொகுதிக்கு 100 என்பது தொடக்கமாகக்கூடப் போதாத அளவு. அதிலும் தாமதம் என்றால் எதிரிகளுக்கு வாய்ப்பைத் தாமே கொடுத்ததாகும். காங்கிரஸ் அணியினர் ஊழல் கூச்சலிட்டு உயர்நீதிமன்றம் வரை சென்றார்கள். மனு 2024இல் தள்ளுபடியானது. ஆனால் நீதிமன்றத்தில் வென்றாலும், இணைப்பு வராத அங்கன்வாடியின் ஆசிரியைக்கு அது விடையாகாது. கடைசிக் கிலோமீட்டருக்கு உள்ளூர்க் கேபிள் நடத்துநர்களைப் பெரிதும் சார்ந்திருப்பது தாமதத்துக்கு ஒரு காரணம். அந்த நடத்துநர்களும் சிறு தொழில் செய்வோரே, அவர்களைப் பகைக்கவேண்டியதில்லை. ஆனால் லாபம் தராத கடைசி வீட்டுக்கும் கடைசி அலுவலகத்துக்கும் கேபிள் இழுக்கும் கடமையை அவர்கள்மீது சுமத்தமுடியாது. அங்கேதான் கே-ஃபோன் தன் சொந்தக் கம்பியில்லா இணைப்பை நீட்டவேண்டும். அதன் மையப் புள்ளிகள் மின்வாரியத் துணை மின்நிலையங்களில் அமைந்தவை. கோபுரத்துக்கு இடமும் தடையில்லா மின்சாரமும் தேர்ந்த தொழிலாளியும் ஒருங்கே கிடைக்கும் இடம் கிராமப்புறத்தில் அதைவிட வேறு எது? தேனியில் தொல்லை தந்த இரண்டும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் தீர்வுடன் காத்திருக்கின்றன.

பி.எஸ்.என்.எல். பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. ஜியோ 2016 செப்டம்பரில் 4ஜியுடன் களமிறங்கியது. பொதுத்துறை நிறுவனத்தின் 4ஜி டெண்டர் 2020இல் ரத்து செய்யப்பட்டது. அது நாடு தழுவிய 4ஜி சேவையைத் தொடங்கியதாக அறிவிக்கப்பட்டது 2025 செப்டம்பரில். ஒன்பது ஆண்டுகள் கையைக் கட்டிப்போட்டு ஓடச்சொன்ன பந்தயம் அது. இடையே 2020 ஜனவரி 31 அன்று 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஒரே நாளில் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றப்பட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் கூலி நிலுவை. கம்பத்தில் ஏறி அறுந்த கம்பியை இணைக்கத் தெரிந்த கைகள் போய்விட்டன. இப்போது பழுது என்றால் ஆள் வர நாட்கணக்கில் ஆகிறது என்று அதே ஆட்சியாளர்கள் குறை சொல்கிறார்கள். பாரத் ஏர்ஃபைபர் என்ற பெயரில் பி.எஸ்.என்.எல். கிராமங்களுக்குக் கம்பியில்லா இணைப்பை வழங்கிவருகிறது. ஆனால் அதுவும் வருவாயைப் பங்கிடும் தனியார் கூட்டாளிகள் வழியே. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் கிராமப்புறச் சேவைக்கென்று வசூலிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் பெரும்பகுதி செலவழியாமல் கிடந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்த நிதிக்கு இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர் மாற்றுவதில் அவர்களை வெல்ல ஆளில்லை.

எல்லைக்கு உரிய கேள்வி ஒன்று மீதமுள்ளது. பூவாறுக்குத் தெற்கே பொழியூர் கேரளத்தின் கடைசிக் கடற்கரை. அதை ஒட்டி நீரோடி, தமிழ்நாட்டின் முதல் கடற்கரை. ஒரே மணல், ஒரே வலை, ஒரே உறவுமுறை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது இரு கரை மீனவர்களும் ஒன்றாகவே கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரைக்கு வந்து சேர்ந்தபோது படகுகள் ஆழ்கடலில். திரும்பாதவர்களின் பட்டியலை மட்டும் இரு மாநிலங்களும் தனித்தனியே எழுதின. கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. டான்ஃபிநெட் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்க இழுக்கும் இழையும் பெரும்பாலும் மின்கம்பங்களின் வழியேதான் செல்கிறது. அத்தகைய புயல் மீண்டும் வந்தால், எல்லையின் இருபுறமும் கம்பத்தோடு கேபிளும் சாயும். அன்றைக்கு நீரோடியின் சுகாதார நிலையத்துக்கு மிக அருகில் உயிரோடு இருக்கும் பொது இழைமுனை நாகர்கோவில் பக்கம் இருக்கவேண்டும் என்பதில்லை. பாறசாலைப் பக்கம் இருக்கலாம். வெள்ளறடையின் பனச்சமூட்டுக்கு அது விளவங்கோடு பக்கம் இருக்கலாம். எல்லையைத் தாண்டி ஒன்றையொன்று நோக்கும் இரண்டு ஆண்டெனாக்கள், மின்கலத்தில் இயங்குபவை, இரு அரசு வலைகளையும் ஆபத்துக் காலத்தில் ஒன்றாக்கிவிடும். கருவிச் செலவு ஒரு சாலைத் திறப்பு விழாவின் பந்தல் செலவை எட்டுமா என்பதே சந்தேகம். தடை தொழில்நுட்பத்தில் இல்லை. உரிம வட்டங்களிலும், இரு தலைநகரங்களின் கோப்புகளிலும் உள்ளது.

நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் வருவது 2004இல் நின்றது. வழக்கு உச்சநீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. எல்லையின் இருபுறமும் உள்ள விவசாயிகளை எதிரெதிரே நிறுத்துவதில் அப்பிரச்சினையை விடச் சிறந்த கருவி இனவாதிகளுக்குக் கிடைக்கவில்லை. தண்ணீரில் ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறையும் என்ற அச்சமாவது உண்டு. இணைப்பில் அந்த அச்சத்துக்கும் இடமில்லை. கட்டலோனியாவில் 2004இல் கிராமவாசிகள் தொடங்கிய குய்ஃபி வலை, ஒவ்வொரு புது இணைப்பும் வலையை எல்லோருக்கும் வலுவாக்கும் என்ற விதியில் வளர்ந்து பல்லாயிரம் முனைகளை எட்டியிருக்கிறது. அங்கே சொத்து உரிமை வலைக்கு அல்ல, வலையைப் பயன்படுத்தும் சமூகத்துக்கு.

1938 ஆகஸ்டில் திவான் சி.பி.ராமசாமி ஐயரின் படையின் துப்பாக்கிக்கு எதிரே நின்ற ஊர் நெய்யாற்றின்கரை. அங்குள்ள கட்சிக் கிளைகளும், எல்லைக்கு இப்பால் விளவங்கோடு வட்டாரக் கிளைகளும் உடனே செய்யக்கூடிய வேலை உண்டு. தத்தம் ஊராட்சியில் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, கூட்டுறவு வங்கி, நூலகம், சுகாதார மையம் ஒவ்வொன்றுக்கும் இன்று எந்த இணைப்பு இருக்கிறது, அது யாருடையது, மாதம் எத்தனை நாள் அறுகிறது, அறுந்தால் சரிசெய்ய எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கெடுக்கவேண்டும். மின்வாரியத் தொழிலாளர் சங்கமும் பி.எஸ்.என்.எல். ஊழியர் சங்கமும் இதில் கைகொடுக்க முன்வரவேண்டும். எந்தக் கூரையிலிருந்து எந்தக் கோபுரம் தெரியும் என்பதைக் கம்பம் ஏறியவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அந்தக் கணக்கை அடுத்த கிராம சபையில் வைத்து, கே-ஃபோனுக்கும் டான்ஃபிநெட்டுக்கும் பி.எஸ்.என்.எல். நிர்வாகத்துக்கும் தனித்தனியே அல்ல, இரு மாவட்டக் குழுக்களும் கையெழுத்திட்ட ஒரே மனுவாகக் கொடுக்கவேண்டும். பொதுத்துறை வலைகள் எட்டாத அரசு அலுவலகம் எதற்கும் தனியார் நிறுவனத்துடன் நீண்டகால ஒப்பந்தம் போடக்கூடாது என்பதும், எல்லை ஆண்டெனாக்களைப் பராமரிக்க இரு பக்க ஊர்களிலிருந்தும் நிரந்தரப் பணியாளர்களைப் பயிற்றுவித்து அமர்த்தவேண்டும் என்பதும் அம்மனுவின் முதல் இரண்டு கோரிக்கைகளாக இருக்கட்டும். அடுத்த பருவமழைக்கு முன் அது திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் போய்ச் சேரவேண்டும்.